காலை ஐந்தரை மணி அளவு

அக்கா மகனுக்கு ஒரு கப்பல் கட்டும் யார்டில் ட்ரெய்னி வேலை கிடைத்தது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன். அவனைப் போட்டிருக்கும் பிரிவு டைமென்ஷன் கண்ட்ரோல், அதாவது அளவுப் பிரிவு. வேலையில் சேர்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். பாரிமுனையில் வாங்கிய முப்பது மீட்டர் ஸ்டீல் டேப்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். "மாமா, இது நல்ல டேப்தானே?" என்றான்.

அதே வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். டேப் நல்ல டேப்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கையில் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் அவனிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். கப்பலை ஒரே உடம்பாகக் கட்டுவதில்லை. ஷெட்டுக்குள் பிளாக் பிளாக்காகச் செய்து, கிரேனில் தூக்கி வந்து ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். ஒவ்வொரு பிளாக்கின் ஒரு முனையிலும் முப்பது, ஐம்பது மி.மீ. பிளேட் கூடுதலாக விட்டிருப்பார்கள். எக்ஸஸ் என்போம். பிளாக்கை அதன் இடத்தில் நிறுத்தி, அளந்து, அந்தக் கூடுதலைக் கேஸ் கட்டரால் வெட்டிய பிறகுதான் வெல்டிங். எங்கே வெட்டுவது என்று கோடு போட்டுக் கொடுப்பது அளவுப் பிரிவின் பொறுப்பு. அன்றைக்குக் கோடு போட்டவன் நான்.

மே மாதம், மதியம் மூன்று மணி. ஏற்கெனவே சேர்த்து முடித்த பகுதி 40 மீட்டர் நீளத்துக்குத் திறந்தவெளியில் நின்றது. மேல்தளத்தில் கை வைக்க முடியாது. அடித்தளம் நிழலில் இருந்தது. புது பிளாக்கைத் தரையில் பதித்த டேட்டம் புள்ளிகளிலிருந்து (அளவு தொடங்கும் நிலையான புள்ளிகள்) டோட்டல் ஸ்டேஷன், அதாவது கோணமும் தூரமும் அளக்கும் கருவி வைத்து இடத்தில் நிறுத்தியாயிற்று. பழைய பகுதியின் முனையைப் பார்த்து வெட்டுக்கோடு போட வேண்டியதுதான் பாக்கி. கிரேன் வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

எங்கள் ஃபோர்மேன் ராயபுரத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, தளம் கொதிக்குது. காலைல கோடு போடு."

"டோட்டல் ஸ்டேஷன் சரியாத்தான் காட்டுதுண்ணா."

"அது சரியாத்தான் காட்டும். நாளைக்குக் காலைல தளம் அந்த இடத்துல இருக்காது."

நான் கேட்கவில்லை. கோடு போட்டேன், கோட்டின்மேல் பஞ்சால் புள்ளி அடித்தேன், சாயந்தரத்துக்குள் வெட்டியும் முடித்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் அடியில் இடைவெளி 4 மி.மீ., வேண்டிய அளவு. மேல்தளத்தில் 16 மி.மீ. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தளம் 12 மி.மீ. பின்னுக்குப் போய்விட்டது. 10 மி.மீ. பிளேட்டில் 16 மி.மீ. இடைவெளியை வெல்டிங்கால் நிரப்ப கிளாஸ் சர்வேயர் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தின் ஆள்) சம்மதிக்கவில்லை. 300 மி.மீ. அகலத்துக்குத் தளத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது பிளேட் வைக்கச் சொன்னார். ஒரு ஜாயின்ட் இருந்த இடத்தில் இரண்டு ஜாயின்ட். தளத்துக்குக் கீழே பலத்துக்காக ஓடும் ஸ்டிஃப்னர்களையும் அறுத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு ஜாயின்டுக்கும் எக்ஸ்ரே. பதினோரு நாள் போனது. ஃபோர்மேன் அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. புது பிளேட்டுக்குக் கோடு போடும் நாளில் அவரே விடியற்காலையில் வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

பையன் கேட்டுவிட்டு ஃபோனை எடுத்தான். ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். 40 மீட்டர், காலைக்கும் மதியத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம். பெருக்கிப் பார்த்தான். சரியாக 12. ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நூறு மீட்டர் கப்பல்னா முப்பது எம்எம்மா மாமா?" என்றான். ஆமாம். தளம் மட்டும் சூடாகி அடி குளிர்ந்திருந்தால் நீள்வதோடு நிற்காது, உடம்பே வளையும். நடு மேலேறி இரண்டு முனையும் தாழும். கப்பல் வடக்கு தெற்காக நின்றால் காலை எட்டு மணி வெயிலுக்கே கிழக்குப் பக்க ஷெல் (வெளிச்சுவர் பிளேட்) சூடாகி, முனைகள் இரண்டும் மேற்கே நகரத் தொடங்கும். மதியத்துக்கு மேல் எதிர்ப்பக்கம். ஒரு நாளில் ஒரு கப்பல் எத்தனை வடிவம் எடுக்கிறது என்று ஒரு தடவை மணிக்கு மணி அளந்து பார்த்தவனுக்கு அப்புறம் மதிய அளவில் நம்பிக்கை வராது.

அதனால்தான் முக்கியமான அளவெல்லாம் சூரியன் எழுமுன். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போகும் துளையை இழைப்பதும், அதன் மையக்கோட்டைப் பிடிப்பதும் அப்படித்தான். பின்பகுதி வெல்டிங் முழுக்க முடிந்து, ராத்திரியிலோ விடியற்காலையிலோ. அளவெடுக்கும் நாள் என்றால் நாலு மணிக்கே வண்டியை எடுத்துவிடுவேன். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், வலதுபக்கம் கருங்கல் தடுப்புக்கு அப்பால் கடல் இருட்டாகக் கிடக்கும். ஐந்தரைக்குத் தளத்தில் கை வைத்தால் ஒரே சீராக இருக்கும், மேலும் கீழும் பக்கமும். வேலைக்கு அதுதான் நல்ல நேரம்.

அவன் வாங்கி வந்த டேப்பை விரித்து, ஆரம்பத்தில் சின்ன எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். 20 டிகிரி, 50 நியூட்டன். அதாவது 20 டிகிரி சூட்டில், ஏறக்குறைய 5 கிலோ இழுப்பில்தான் அந்த டேப்பின் எண்கள் சரி. நம் ஊரில் 20 டிகிரி எங்கே வருகிறது? இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஸ்டீல் டேப்பை ஸ்டீல் பிளேட் மேலேயே கொஞ்ச நேரம் கிடத்தி, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அளந்தால் இரண்டும் சேர்ந்தே நீண்டிருக்கும், சூட்டுக் கணக்கு தன்னால் கழிந்துவிடும். நிழலில் சுருட்டி வைத்திருந்த டேப்பைக் கொதிக்கும் பிளேட்டில் போட்டவுடன் படித்தால் கழியாது. இழுப்புக்கு ஒரு ஸ்பிரிங் தராசு கொக்கியில் மாட்டிக்கொள்ள வேண்டும். கையால் இழுத்தால் ஆளுக்கு ஒரு பலம், ஆளுக்கு ஒரு அளவு.

இன்னொன்றும் சொன்னேன். டேப்பின் நுனி தேய்ந்திருக்கும், கொக்கி ஆடும் என்பதால் நுனியை விட்டுவிட்டு நூறாவது மி.மீ. கோட்டைப் பிடித்து அளப்பது நம் பக்கத்துப் பழக்கம். பிறகு நூறைக் கழிக்க வேண்டும். மணலி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்ஜ் ஒன்றுக்கு பிளாக் செய்தபோது ஒருவர் நூறைப் பிடித்தார், எழுதியவர் கழிக்கவில்லை. ஒரு தடுப்புச் சுவர் முழுசாக 100 மி.மீ. தள்ளி நின்றது. பெயின்ட் அடிக்கும்போதுதான் தெரிந்தது. பிடிப்பவர் "நூறு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், படிப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தமான ஷெட்டில் கையைத் தூக்கியாவது காட்ட வேண்டும்.

எனக்கு அளவு சொல்லிக்கொடுத்த முதல் ஆள் என் தாய்மாமன். காசிமேட்டில் படகு ஆசாரி. மர விசைப்படகுகள் கட்டிய காலம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். அவரிடம் டேப் இருந்தது, ஆனால் படகு வேலையில் அதை எடுக்க மாட்டார். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தேக்குக் கோல். ஏராவின் (படகின் அடிமரம்) நீளம், அகலம், உயரம், வங்கு (விலாச்சட்டம்) வைக்கும் இடைவெளி எல்லாம் அந்தக் கோலில் வெட்டுத் தழும்பாக இருக்கும். எண் கிடையாது. படகு தண்ணீரில் இறங்கும் வரை அந்தக் கோலை வேறு யாரும் தொடக்கூடாது. ஒருநாள் அது கிடைக்காமல் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒரு கோலை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொரு கோல எடுத்தா இன்னொரு போட்டுதான்டா மாப்ள வரும்."

அதன் அர்த்தம் எனக்குப் பல வருஷம் கழித்து, ஸ்வீடனின் வாசா கப்பலைப் பற்றிப் படித்தபோது முழுசாகப் புரிந்தது. 1628 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் முதல் பயணத்திலேயே சாய்ந்து மூழ்கிய போர்க்கப்பல். 1961-இல் வெளியே எடுத்தார்கள். அதற்குள் தச்சர்களின் அளவுகோல்கள் கிடைத்தன. சில ஸ்வீடன் அடிக்கணக்கு, ஓர் அடிக்கு 12 அங்குலம். சில ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கு, ஓர் அடிக்கு 11 அங்குலம். கப்பலின் உடம்பும் இடம் வலம் ஒரே மாதிரி இல்லை. மூழ்கியதற்குப் பெரிய காரணம் மேல்பாரம்தான். ஆனாலும் ஒரே கப்பலில் இரண்டு கோல்! மாமா உயிரோடு இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

இன்றைக்கும் இது நடக்கக்கூடியதே. பிளாக்குகளை நாலு ஒர்க்‌ஷாப்பில் செய்து ஒரு இடத்தில் சேர்க்கிறார்கள் என்றால், நாலு இடத்து டேப்பையும் முதலில் ஒரு மாஸ்டர் டேப்போடு பக்கத்தில் போட்டு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு டேப்புக்கும் நம்பர் அடித்து, எத்தனை மீட்டரில் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி வைக்க வேண்டும். அரை நாள் வேலை.

"கப்பல் இவ்ளோ பெரிசு, ஒரு எம்எம் என்ன மாமா பண்ணிடும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கப்பலின் பலம் நிற்கும் பாகங்களில் இரண்டு பிளேட் நேருக்கு நேர் சேரும்போது, ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி இருப்பது பிளேட் கனத்தில் 0.15 பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது கிளாஸ் நிறுவனங்களின் பொதுத் தரம். 10 மி.மீ. பிளேட்டுக்கு ஒன்றரை மி.மீ. அதற்கு மேல் போனால் அலையில் கப்பல் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கூடுதல் சுமை விழும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். அது போக, ஒரு எம்எம் ஒரு எம்எம்மாக நிற்பதில்லை. பிரேம் என்பது கப்பலின் விலாச்சட்டம். பிரேமுக்குப் பிரேம் 600 மி.மீ. ஒரு பிரேமிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து அடுத்ததை அளந்து போனால் ஒவ்வொன்றிலும் ஒரு எம்எம் கூட்டி வைத்தாலே நாற்பது பிரேமில் 40 மி.மீ. அதனால் எல்லாப் பிரேமையும் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து, டேப்பை நகர்த்தாமல், 600, 1200, 1800 என்று ஓட்டமாகக் குறிக்க வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரி தூண் இடைவெளி போடுவதும் இப்படித்தான்.

வெல்டிங் சுருக்கத்தைப் பற்றி ஒரு பழக்கம் மட்டும் சொன்னேன். ஜாயின்டின் இரண்டு பக்கமும் 100 மி.மீ. தள்ளி பஞ்ச் அடித்து வை. இடையில் 200. வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு அதே புள்ளிகளை அள. 198 வரும், சில நேரம் 198.5, சில நேரம் 197. பிளேட் கனம், எந்த வெல்டர், எத்தனை பாஸ் (வெல்டிங் அடுக்கு) என்று பக்கத்தில் எழுது. ஒரு வருஷம் எழுதினால் அந்த யார்டில் எந்த ஜாயின்ட் எவ்வளவு இழுக்கும் என்பது உன் நோட்டில் இருக்கும். வெளியிலிருந்து வரும் எந்த அட்டவணையும் உன் வெல்டரின் கையைத் தெரிந்து எழுதியதில்லை.

இரண்டு இடத்தின் உயரத்தை ஒப்பிட டியூப் மட்டத்தை (தண்ணீர் நிரப்பிய குழாய்) இன்னும் நம்பலாம், ஆனால் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடிக்க வேண்டும். இரண்டு முனையும் ஒரே வெயிலிலோ ஒரே நிழலிலோ இருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு பக்கம் 30 டிகிரியிலும் மறுபக்கம் 40 டிகிரியிலும் இருந்தால், சூடான பக்கம் 3 மி.மீ.க்கு மேல் உயர்ந்து நிற்கும்.

பியானோ கம்பியும் அதே மாதிரி. ஷாஃப்ட் மையத்துக்கு 20 மீட்டர் தூரத்தில் அரை மி.மீ. கம்பி கட்டி 20 கிலோ குண்டைத் தொங்கவிட்டால், கண்ணுக்கு அது நேர்கோடு. ஆனால் கம்பியின் சொந்த எடையில் நடுவில் கிட்டத்தட்ட 4 மி.மீ. தொய்ந்திருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் அந்தத் தொய்வைக் கணக்குப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சாயந்தரம் டீ வந்த பிறகு எனக்கு மிகவும் பிடித்த வேலையைப் பற்றிச் சொன்னேன். இன்க்ளைனிங் டெஸ்ட். கப்பல் தண்ணீரில் இறங்கி வேலை முக்கால்வாசிக்கு மேல் முடிந்த பிறகு, அதன் எடையின் மையம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. வரைபடத்தில் கணக்கு இருக்கும். ஆனால் உண்மையில் ஏறிய பைப், கேபிள், பெயின்ட், வெல்டிங் எல்லாம் கூடிய எடை கப்பலைக் கேட்டால்தான் தெரியும். வாசாவிலும் மூழ்குவதற்கு முன்பு சோதித்தார்கள். முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மூன்றாவது ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஆடுகிறது என்று தெரிந்தது, எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும் கணக்கு அவர்களிடம் இல்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர் பூகேர் அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தார். நாம் இன்றும் செய்வது அதுதான்.

அன்றைக்குக் காற்று இருக்கக்கூடாது. அதுவும் விடியற்காலைதான். கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிடுவார்கள். டேங்குகள் முழுசாக நிரம்பியோ முழுசாகக் காலியாகவோ இருக்க வேண்டும், பாதித் தண்ணீர் ஆடினால் எல்லாம் கெடும். வேலை இல்லாதவர்கள் கீழே இறங்கிவிட வேண்டும். உள்ளே சரக்கு வைக்கும் ஹோல்டில் 4 மீட்டர் கம்பியில் தூக்குக்குண்டு தொங்கும். குண்டின் கீழே எண்ணெய் நிரப்பிய பக்கெட், ஆட்டம் அடங்குவதற்கு. கம்பிக்குப் பின்னால் ஒரு மரச்சட்டம், அதில் கோடு. என் இடம் அந்தச் சட்டத்துக்கு முன்னால், ஒரு டார்ச்சோடு.

மேலே 10 டன் இரும்புக் கட்டிகளைக் கிரேன் எடுத்து 12 மீட்டர் தள்ளி மறுபக்கம் வைக்கும். சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. 5,000 டன் கப்பல் மெதுவாகச் சாய்வது உடம்புக்குத் தெரியாது, கம்பி மட்டும் நகரும். எண்ணெய்க்குள் நிதானமாக 76, 84, 77, 83 என்று ஆடும். நடு 80 மி.மீ. ஆகவே 10 டன் பெருக்கல் 12 மீட்டர் பெருக்கல் 4 மீட்டர், அதை 5,000 டன் பெருக்கல் 0.08 மீட்டரால் வகுத்தால் 1.2. ஜிஎம் 1.2 மீட்டர். எடை மையத்திலிருந்து, சாய்ந்த கப்பலை நிமிர்த்தும் மெட்டாசென்டர் என்ற புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் ஜிஎம். அந்த எண்ணை நம்பித்தான் அந்தக் கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் கடலுக்குப் போகிறார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை கனக்கும்.

அங்கே ஒரு தடவை கம்பி காரணமில்லாமல் 2 மி.மீ. நகர்ந்தது. மேலே ஓடிப் பார்த்தால் கட்டிகளை நகர்த்தும் குழுவில் ஐந்து பேர் டீ கேன் வந்த பக்கமாகப் போய் நின்றிருந்தார்கள். ஐந்து பேர், எட்டு மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக அந்த 2 மி.மீ. டெஸ்ட் முடியும் வரை அவரவர் நிற்க வேண்டிய இடத்தைத் தளத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுக்கும் பழக்கம் அன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

எடையைக் கணக்கிட டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று படிப்பதிலும் இதே கவனம் வேண்டும். நூறு மீட்டர் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்தால் 16 டன் அளவுக்குப் போகும். தண்ணீரின் அடர்த்தியையும் அன்றைக்கே அங்கேயே ஹைட்ரோமீட்டரால் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்ணூர் முகத்துவாரம் மாதிரி ஆறு கலக்கும் இடங்களில் கடல்நீரின் 1.025 இருக்காது. 1.015 இருந்து நீ 1.025 என்று எழுதினால் 5,000 டன்னில் கிட்டத்தட்ட 49 டன் இல்லாத எடை.

கிளம்பும்போது என் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். ஒவ்வொரு அளவுக்கும் மேலே தேதி, மணி, பிளேட்டின் சூடு, டேப் நம்பர், எந்தக் கோட்டிலிருந்து என்று எழுதியிருப்பேன். அந்த ஐந்தும் இல்லாத அளவை யார் கொடுத்தாலும் வாங்காதே என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவன் நோட்டின் முதல் பக்கம். மணி 5.40. பிளேட் 27 டிகிரி. டேப் நம்பர் 3. சென்டர் லைனிலிருந்து. கீழே 11,998 என்று அளவு. பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் பெயர் மட்டும் இல்லை. அதையும் எழுதிக்கொள் என்று பதில் அனுப்பினேன்.